தம்புராவைக் காணவில்லை

‘ஸ்பூல் டேப் ஸவுண்டே தனி சார்!’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் ஒருத்தராவது உங்கள் உறவிலோ தெருவிலோ இருப்பார். எப்படித் தனி என்று கேட்டுப் பாருங்கள். ‘அதுல ஒரு வார்ம்த் இருக்கு’ என்பார். மே மாதப் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு வெதுவெதுப்புக்கு ஏங்குகிற ஒரே கூட்டம் இதுதான். மேலே கேட்டால், ‘அதெல்லாம் சொல்லி வராது, அனுபவிக்கணும்’ என்று முடித்துவிடுவார்.

சொல்லி வரும் என்பது என் கட்சி. முதலியார்பேட்டையில் மூன்று நாள், மூன்று பழைய ஸ்பூல் மெஷின்களுக்கு நடுவில், காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமரிசனம் எழுதுகிற மாதிரி இந்த வாரம் ஒரு சத்தத்துக்கு விமரிசனம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டையே பார்த்திராத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. கேசட்டுக்கு அப்பா ஸ்பூல். இட்லித்தட்டு சைஸில் இரண்டு சக்கரம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் பழுப்பு நாடா. கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஸ்பூலினுடையது 6.3. கேசட், விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்று நத்தை மாதிரி ஊரும். ஸ்பூல் வீட்டில் 9.5 அல்லது 19, பெரிய ஸ்டூடியோக்களில் 38 என்று ஓடும். அகலம் கூடினால் பின்னணி இரைச்சல் குறையும். வேகம் கூடினால் ஜாலராவும் கஞ்சிராவின் சலங்கையும் பிழைக்கும். ரகசியம் இவ்வளவுதான். ஆனால் வேகத்துக்குக் காசு வேண்டும். 7 அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா, 19-ல் ஓட்டினால் 32 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். சாவகாசமான ஒரு தோடிக்கே காணாது. அதனால் நம் வீடுகளில் 9.5-ல் வைத்து 64 நிமிஷமாக இழுத்தார்கள். ‘ஸ்பூல் ஸவுண்ட்’ என்று இன்று புகழப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சிக்கனத்தில் பதிந்ததுதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்கும் டேப்புக்கும் கொஞ்சம் சொந்தம் உண்டு. இந்திய இசையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன அலேன் தானியேலு 1950களின் பிற்பாதியில் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். அவர் தொகுத்த இந்திய சாஸ்திரிய இசைப் பதிவுகள் 1955-ல் பாரிஸில் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. டி.கே. பட்டம்மாளும் ரவிசங்கரும் அதில் இருக்கிறார்கள். ஆசிரமத்தில் அன்னை ஆர்கன் வாசித்ததும், சத்பிரேமோடு வருஷக்கணக்கில் பேசியதும் டேப்பில் பதிவாயின. அந்தப் பேச்சுகள் பிற்பாடு 13 தொகுதிகளாக அச்சில் வந்தன. 1967-ல் புதுச்சேரிக்கு வானொலி நிலையம் வந்தது. இவையெல்லாம் பெரிய இடத்து டேப்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. எனக்குக் கவலை சின்ன இடத்து டேப்களைப் பற்றி. பிரான்ஸிலிருந்து லீவில் வந்த சொல்தா மாமாவோ, சிங்கப்பூர் சித்தப்பாவோ கொண்டுவந்த மெஷினில், கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் யாரோ பொறுமையாக மைக் பிடித்துப் பதிந்துவைத்த டேப்கள். அவை பரணில் இருக்கின்றன. பரண் கடற்கரை ஊரில் இருக்கிறது. மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

முதலியார்பேட்டைப் பெரியவர் ஏ.எஃப்.டி. மில்லில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்தவர். (1898-ல் ஆரம்பித்து, 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்ட அந்த மில்லை இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் ‘ரோடியர் மில்’ என்றுதான் சொல்கிறார்கள்.) வீட்டுத் திண்ணையை ஒட்டிய ஓர் அறை. மேஜை விளக்கு, சால்டரிங் அயர்ன், ஒரு பழைய ஆஸிலாஸ்கோப், தலையைத் துடைக்கிற ஆல்கஹால். மெஷின் தலையை. இந்த ஊரில் ஆல்கஹாலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஐஸோப்ரொபைல் வேறு ரகம், அதைத் தேடித்தான் வாங்க வேண்டும் என்றார்.

மெஷின்கள் மூன்று. ஜெர்மனியின் க்ரண்டிக் டிகே வரிசையில் ஒன்று, வால்வு காலத்தது, மோனோ, பச்சைக் கண் சிமிட்டும். ஜப்பானின் அகாய் 4000டிஎஸ், 1970களில் மத்தியதர வர்க்கத்தின் கனவு. சுவிட்சர்லாந்தின் ரெவாக்ஸ் ஏ77, 1967-ல் வந்தது, சின்ன வானொலி நிலையங்கள்கூட நம்பி வைத்துக்கொண்ட மெஷின்.

கேட்பதற்கு முன்னால் பெரியவர் ஒரு காரியம் செய்தார். க்ரண்டிக்கில் ஒரு டேப்பை ஓடவிட்டார். அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், மேலே கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு குரல். "இதத்தான் சார் நெறைய பேரு வின்டேஜ் ஸவுண்டுங்கறாங்க" என்றார். பிறகு உள்ளே காய்ந்துபோயிருந்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாஸிட்டர்களை மாற்றி, தலையைத் துடைத்து, மறுநாள் அதே டேப்பைப் போட்டார். ரீங்காரம் முக்கால்வாசி போய்விட்டது. கம்பளியும் போய்விட்டது. பாடுகிறவர் எழுந்து முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஐம்பது அறுபது வருஷத்தில் கெப்பாஸிட்டர் காய்வது கம்பெனியின் குற்றமல்ல, வயசு. ரெவாக்ஸ் ஏ77-ல் சில கெப்பாஸிட்டர்கள் வயசானால் புகையும் நாற்றமுமாக விடைபெறுவது உலகப் பிரசித்தம். சிலாகிக்கப்படும் ‘அந்தக் கால’ சத்தத்தில் பாதி இப்படி உலர்ந்த பாகங்களின் சத்தம். அது 1962-ல் யாருக்குமே கேட்டதில்லை.

மிச்சப் பாதிக்கு வருவோம். அதில் விஷயம் இருக்கிறது.

டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவில் பூசிய இரும்பு ஆக்ஸைடு தூள். காந்தத்துக்கு ஒரு கெட்ட குணம்: மெல்ல அழைத்தால் நகராது, உரக்க அழைத்தால் தேவைக்கு மேல் நகரும். 1935-ல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் மேக்னெட்டோஃபோனைக் காட்டியபோது பேச்சுக்குத்தான் அது லாயக்கு, இசைக்குக் கரகரப்பு. 1940-ல் ஜெர்மன் வானொலியைச் சேர்ந்த வால்டர் வெபர் ஒரு வழி கண்டார். இசையோடு, காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வு ஒன்றையும் சேர்த்து நாடாவுக்கு அனுப்பினார். இதற்கு பயாஸ் என்று பெயர். படியில் அரிசி அளக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் அரிசி இடைவெளியில்லாமல் அமருமே, அந்தத் தட்டல்தான் இது. காந்தத் துகள்களைத் தட்டிக்கொண்டே இருந்தால், இசை சொன்ன அளவுக்குச் சரியாக உட்காரும். தட்டல் குறைந்தால் சத்தம் கரகரக்கும். அதிகமானால் ஜாலரா மங்கும். ஒவ்வொரு நாடாவுக்கும் அளவு வேறு. வீட்டு மெஷினில் இந்த அளவைத் தொழிற்சாலையில் ஒருமுறை வைத்ததோடு சரி, அதற்கப்புறம் கிடைத்த நாடாவையெல்லாம் போட்டு ஓட்டினோம்.

திரும்பக் கேட்கும்போது தலையில் கிடைப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வோல்ட். அதை ஆயிரம் மடங்கு பெருக்குகிற முதல் படியில்தான் ஒரு மெஷினின் குணம் தெரியும். ஐரோப்பிய வால்வு மெஷின்கள் பலவற்றில் இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது ஈஎஃப்86 என்ற வால்வு. அமைதியான பிறவி. ஆரம்ப கால ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்கள் இதைவிட அதிகமாக இரைந்தன. அதனால் 1960களின் சில ‘நவீன’ மெஷின்கள் தங்கள் அப்பாவைவிட மோசமாகப் பாடின. சிலிக்கன் வந்தபின் நிலைமை மாறியது. ரெவாக்ஸ் ஏ77 முழுக்க சிலிக்கன். ‘வால்வு என்றாலே உயர்வு’ என்று சொல்கிறவர்கள் எந்த வருஷத்து டிரான்ஸிஸ்டரோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

இனி என் காது. ஒரே டேப்பை மூன்றிலும் கேட்டேன். டேப், இதே பேட்டையில் 1960களில் நடந்த ஒரு கல்யாணக் கச்சேரி. அட்டைப்பெட்டியின் மேல் நீல மசியில் ‘கலியாணம், 2-வது ஸ்பூல்’ என்று மட்டும் இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. ஆண் குரல், ஒரு கட்டை சுருதி, வயலின், மிருதங்கம், தம்புரா.

க்ரண்டிக் தன் சொந்த ஸ்பீக்கரில் பாடும்போது மனசை அள்ளுகிறது. குரலின் நடுப்பகுதி கெட்டித் தயிர் மாதிரி. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஊதிப் போயிருக்கிறது, வலந்தலையின் ‘சாபு’ ஒரு தட்டையான ‘டப்’. மரப்பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்கிற மாயம் இது. டேப்பில் இல்லாததையும் ஆசையோடு சேர்த்துச் சொல்கிற பாட்டி மாதிரி.

அகாய் துடிப்பான பிள்ளை. வயலின் பளிச்சென்று எழுகிறது. கூடவே இரைச்சலும். காரணம் அதன் தலை: நாடாவின் அகலத்தை நாலாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை மட்டும் ஒரு காதுக்கு எடுக்கிறது. அகலம் பாதியானால் மூன்று டெசிபல் நஷ்டம் என்பது கணக்கு. இதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. நம் கல்யாண டேப், நாடாவின் மேல் பாதியில் ஒரு பக்கமும், கீழ் பாதியில் திருப்பிப்போட்ட மறுபக்கமும் பதிந்தது. நாலு பங்குத் தலையில் போட்டால் இடது காதில் கச்சேரி, வலது காதில் மறுபக்கம் தலைகீழாக ஓடும். யாரோ ரஷ்ய பாஷையில் கல்பனாஸ்வரம் பாடுகிற மாதிரி இருக்கும். இது மெஷினின் கோளாறு அல்ல, டேப்புக்குப் பொருந்தாத மெஷின். அகாயில் 19 வேகத்துக்கு கேப்ஸ்டன் மேல் ஒரு சின்னக் குழாயைத் திருகி மாட்ட வேண்டும். முப்பது வருஷத்தில் அந்தக் குழாயைத் தொலைக்காத குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ரெவாக்ஸைக் கேட்ட முதல் நிமிஷத்தில் ஏமாற்றம். இவ்வளவுதானா என்று இருந்தது. தயிரும் இல்லை, பளிச்சும் இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தலையின் சாய்வை ஒரு மயிரிழை திருப்பினார். பதிந்த மெஷினின் தலை அன்றைக்கு எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ, இந்தத் தலையும் அந்தக் கோணத்துக்கு வர வேண்டும். அவருக்கு அளவுகோல் மிருதங்கம். ‘சாபு’ திறந்துகொண்ட இடத்தில் கையை நிறுத்தினார். அவ்வளவுதான், பந்தல் வந்துவிட்டது. பாத்திரச் சத்தம், ஒரு குழந்தை, தாளம் போடுகிற கை, பாடகர் மூச்சு வாங்குவது, எல்லாவற்றுக்கும் அடியில் விடாத தம்புரா. ஆலாபனையின் நடுவில் தூரத்தில் மில் சங்கு ஊதுகிறது. வயலின்காரர் ஒரு கணம் தயங்கி, சங்கு ஓய்ந்ததும் தொடர்கிறார். "ரெண்டாவது ஷிப்டு" என்றார் பெரியவர், மெஷினைப் பார்த்துக்கொண்டே.

என் தீர்ப்பு: மனசுக்கு க்ரண்டிக், காதுக்கு ரெவாக்ஸ். பிரதி எடுக்க வேண்டுமென்றால் ரெவாக்ஸ் மாதிரியான உணர்ச்சிவசப்படாத மெஷின்தான். அகாய்க்கு அதில் பதிந்த டேப்பையே போடுங்கள், சந்தோஷமாகப் பாடும்.

வெதுவெதுப்பு? அது இருக்கிறது, மூன்று காரணங்களால். தலையின் வடிவத்தால் கீழ் ஸ்தாயியில் ஒரு சின்ன மேடு விழுகிறது. மேல் ஸ்தாயி கொஞ்சம் தேய்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்: சத்தம் அளவு மீறும்போது டேப் உடைவதில்லை, வளைகிறது. நாகஸ்வரக் கச்சேரியில் இதைக் கேட்கலாம். தவிலின் அடி, மெஷினில் ஆடும் முள் எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும். முள்ளுக்கு 300 மில்லிவிநாடி அவகாசம் வேண்டும், தவிலுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பதிகிறவர் முள்ளைப் பார்த்துத் திருப்தியாக இருப்பார். அங்கே நாடா திணறிக்கொண்டிருக்கும். திணறினாலும் முனையை மழுக்கி உள்ளே வாங்கிக்கொள்ளும். அதே அடி டிஜிட்டலில் எல்லை மீறினால், கத்தியால் சீவின மாதிரி வெட்டுப்படும். ஐம்பதுகளின் நாகஸ்வரப் பதிவுகள் இன்றும் காதைக் குத்தாமல் இருப்பதற்கு வித்வான்களின் கைவண்ணத்தோடு நாடாவின் பெருந்தன்மையும் ஒரு காரணம். இது குறைதான், ஆனால் நல்ல குறை.

கற்பனையும் நிறைய. நண்பர் ஒருவர் தன் டேப்பில் ‘அந்த மேல் ஸ்தாயிக் காற்று’ இருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினார். டேப், மீடியம் வேவ் ரேடியோவிலிருந்து பிடித்தது. மீடியம் வேவில் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. அவர் கேட்டது மின்விசிறிக் காற்று.

இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும். வேகம் ஒரே சீராக ஓடுகிறதா என்பதைப் பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்காதீர்கள். கமகமா, மெஷினின் நடுக்கமா என்று தெரியாது. எத்தனையோ தள்ளாடும் மெஷின்கள் கர்னாடக சங்கீதத்தின் தயவில் மானத்தோடு வாழ்ந்திருக்கின்றன. தம்புரா மட்டும் ஒலிக்கிற இடத்தைக் கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அமெரிக்க மெஷின் என்றால் கூடுதல் ஜாக்கிரதை. அங்கே மின்சாரம் 60 சைக்கிள், இங்கே 50. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. அப்படிப்பட்ட மோட்டாரில் 19 என்று பதிந்தது உண்மையில் 15.9-ல் பதிந்திருக்கும். அதே மெஷினில் கேட்டால் தெரியாது. சரியான மெஷினில் போட்டால், ஒரு கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டைக்கு ஏறி, அவசரமாகப் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி பாடுவார். மோட்டாரைத் தன் சொந்தக் கணக்கில் கட்டுப்படுத்துகிற ரெவாக்ஸுக்கு இந்தப் பிரச்னை இல்லை.

இப்போது, என்னை இதை எழுத வைத்த விஷயம்.

அந்தக் கல்யாண டேப்பின் சொந்தக்காரர், பதிந்தவரின் பேரன், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் 34 ஸ்பூல்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வாங்கியிருக்கிறார். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இருக்கிறது. பென் டிரைவ் வந்தது. இரைச்சல் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது என்று முடிவாகி, மூன்று ஸ்பூல்கள் குழந்தைகள் விளையாட்டில் தெருவில் உருண்டும் போய்விட்டன. பெரியவர்தான், "ஒரு வாட்டி எங்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க தம்பி" என்று மீதியை வாங்கிவைத்தார்.

அந்தப் பென் டிரைவைக் கேட்டேன். முதலில் நன்றாகத்தான் இருக்கிறது, சுத்தமாக. ஆனால் பாடகர் வெற்றிடத்தில் பாடுகிறார். ஒரு வரி முடிந்ததும் சத்தம் சடாரென்று பூஜ்யத்துக்குப் போகிறது, யாரோ வாயைப் பொத்தின மாதிரி. அடுத்த வரியில் குரலைச் சுற்றித் தண்ணீருக்கடியில் பேசுவது போல ஒரு குளுகுளுப்பு. பந்தல் இல்லை, குழந்தை இல்லை, மில் சங்கு ஒரு தேய்ந்த முனகல். தம்புராவைக் காணவில்லை.

எப்படிக் காணாமல் போயிற்று என்று பெரியவர் விளக்கினார். இரைச்சல் நீக்குகிற மென்பொருளுக்கு முதலில் ‘இதுதான் இரைச்சல்’ என்று ஒரு மாதிரி காட்ட வேண்டும். பதிவில் பாட்டு இல்லாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவார்கள். மேல்நாட்டு இசையென்றால் பாட்டு ஆரம்பிக்கும் முன் இருப்பது வெறும் இரைச்சல். நம் கச்சேரியில் பாட்டு ஆரம்பிக்கும் முன் இருப்பது சுருதி! கடைப் பையன் முதல் பத்து விநாடியைக் காட்டியிருக்கிறான். மென்பொருள் சமர்த்தாகத் தம்புராவை இரைச்சல் என்று கற்றுக்கொண்டு, கச்சேரி முழுக்கத் தேடித் தேடி அழித்திருக்கிறது. விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதுதான் இரைச்சலின் இலக்கணம் என்றால் தம்புராவைவிடப் பொருத்தமான குற்றவாளி கிடையாது.

போதாததற்கு ரீங்கார வடிகட்டி. நம் மின்சாரத்தின் 50 சைக்கிளும் அதன் இரட்டிப்பான 100-ம் டேப்பில் ‘ம்ம்’ என்று கேட்கும், அந்த இரண்டையும் வெட்டிவிடுவார்கள். ஒரு கட்டை சுருதியில் ஆண் குரல் தம்புராவின் பஞ்சமக் கம்பி எங்கே ஒலிக்கிறது தெரியுமா? விநாடிக்கு 98. வெட்டுக் கத்திக்கு நேர் கீழே. ஆகப் பஞ்சமம் இரண்டு முறை கொலை செய்யப்பட்டிருக்கிறது.

‘தம்புரா போனால் என்ன, பாட்டு இருக்கிறதே’ என்கிறீர்களா? சுருதி இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். காந்தாரம் எங்கே நிற்கிறது, நிஷாதம் எவ்வளவு மேலே சாய்கிறது என்பதெல்லாம் தம்புராவோடு உரசிப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பாடகர் தார ஷட்ஜத்தில் வந்து நிற்கிற இடத்தில், டேப்பில் கேட்டால் குரல் சுருதியில் கரைந்து ஒரு கணம் காணாமல் போகிறது. பந்தலில் யாரோ ‘ஆஹா’ என்கிறார்கள். பென் டிரைவில் அதே இடத்தில் ஒரு மனிதர் உயரமான ஸ்வரத்தைச் சத்தமாகப் பாடுகிறார், அவ்வளவுதான். ‘ஆஹா’வும் அழிக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்த வித்வானைப் பற்றி நாளைக்கு ஒரு மாணவன் இதை வைத்து முடிவு கட்டினால், சாதாரணப் பாடகர் என்றுதான் கட்டுவான்.

கடைப் பையனை நான் திட்டவில்லை. அவன் பில்லில் ‘நாய்ஸ் ரிமூவல்’ என்று ஒரு வரி இருந்தது, அதைச் செய்து கொடுத்தான். கேட்டு வாங்கினவர்கள் நாம். இரைச்சல் நமக்குப் பிடிப்பதில்லை. நாடா காற்றில் பயணப்பட்டு வந்த ஆற்றுச் சத்தம் மாதிரி அந்த ‘ஸ்ஸ்’, இரண்டு நிமிஷத்தில் காது அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விடும். மென்பொருளைவிட நல்ல வடிகட்டி ஆளுக்கு இரண்டு இருக்கிறது, தலையின் இரு பக்கமும்.

உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் சொல்வது எளிமையானது: விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், இதற்குக் குறையாமல் பிரதி எடுங்கள். எதையும் சேர்க்காதீர்கள், எதையும் நீக்காதீர்கள். அழகு பார்க்க வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து அதில் செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இன்னொன்றையும் சேர்ப்பேன்: மாற்றித்தருகிறவரிடம், இந்த டேப் எந்த மெஷினில், எந்த வேகத்தில், எத்தனை டிராக்கில் பதிந்தது என்று அவர் உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் டேப்பைக் கொடுக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்ததை நீங்களே மெஷினில் ஓட்டிப் பார்க்காதீர்கள். இணையத்தில் டேப்பை அடுப்பில் வைத்துச் சுடுகிற வித்தை ஒன்று சொல்வார்கள். அது 1970, 80களின் ஒருவகைப் பிசுபிசுக்கும் நாடாவுக்கு, 50-55 டிகிரியில், மணிக்கணக்காகச் செய்வது. தாத்தா காலத்து அஸிடேட் நாடாவை அப்படிச் சுட்டால் அப்பளம்தான். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது அஸிடேட், அதற்கு நேரமும் அதிகமில்லை.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், டேப்களைக் காப்பாற்ற 2025-தான் கெடு என்று எச்சரித்திருந்தது. அதற்கப்புறம் நாடா இருந்தாலும் ஓட்ட மெஷின் இருக்காது, மெஷின் இருந்தாலும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார் என்று கணக்கு. இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் புத்தம் புதிய ஸ்பூல் மெஷின்களைச் செய்து பல லட்ச ரூபாய் விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதில் பழைய ஜாஸ் ஆல்பங்களின் பிரதியை, ஒன்று நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிக் கேட்கிறார்கள். கேட்கட்டும், அந்த ஆல்பங்களுக்கு ஆபத்தில்லை, அவற்றின் மூலம் பத்திரமாக இருக்கிறது. ‘கலியாணம், 2-வது ஸ்பூ’லுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

பெரியவர் இதுவரை 31-ல் ஒன்பதை முடித்திருக்கிறார். பத்தாவதில் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. பழைய செல்லோடேப்பின் பசையைத் துடைத்து, இடம் இடமாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு ஸ்பூலுக்கு இரண்டு நாள் ஆகிறது. ‘கலியாணம், 1-வது ஸ்பூல்’ இன்னும் கிடைக்கவில்லை. தெருவில் உருண்டுபோன மூன்றில் அதுவும் ஒன்றோ என்று ஆசிரியர் சந்தேகப்படுகிறார். பாடியவர் பெயரை யாராவது மைக்கில் சொல்லியிருந்தால் அதில்தான் சொல்லியிருப்பார்கள். முதலியார்பேட்டைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது நீல மசி எழுத்தோடு ஓர் அட்டைப்பெட்டி இருந்தால், திறந்து பாருங்கள்.